குறும்பு: வேந்தன் சினந்தான், அன்னை சிரித்தாள்!

மணி ஒலித்தது. மாலை நான்கு பத்துக்கு ஒலிக்க வேண்டிய மணி, நான்கு ஆகும்போதே ஒலித்துவிட்டது! மணி என்று பெயரே தவிர, அது வேப்பமரக் கிளையிலே தொங்கும் தண்டவாளத் துண்டு. இரயிலால் வளர்ந்த அரக்கோணத்துக்கு அதைவிடப் பொருத்தமான மணி எங்கே கிடைக்கும்? ஓசை எழுந்ததும் மாணவர் எழுந்தனர், பையைத் தூக்கினர், பாய்ந்தோடினர். ஆசிரியர் அறையிலே இருந்த நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடித்தவன் அகப்பட்டான். நல்ல பதவியிலுள்ள அலுவலர் ஒருவரின் மகன். "என்ன குறும்பு பாருங்கள், இந்தப் பிள்ளைக்கு!" என்றார் ஒருவர். அறையே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

மூன்று வாரம் கழிந்தது. மீண்டும் மணி முந்திக்கொண்டது. அதே கிளை, அதே தண்டவாளம், அதே பத்து நிமிடம். இம்முறை அகப்பட்டவன் ஆடு மேய்ப்பவரின் மகன். அறுவடை முடிந்த வயல்களிலே கிடை போட்டுப் பிழைக்கும் குறும்பர் குடும்பத்துச் சிறுவன். சிரிப்பு எழவில்லை, சீற்றம் எழுந்தது. "குறும்பன் பிள்ளைதானே, புத்தி போகுமா?" என்றது, முன்பு மெச்சிய அதே வாய். அவன் நடத்தையைக் குறிக்கும் ஏட்டிலே, வகுப்பாசிரியர் என்ற முறையில், 'அடங்காதவன்' என்று எழுதிய கை யாருடையது? நம்முடையது! மேடையிலே சமத்துவம் பேசும் நம்முடைய கைதான் அந்தச் சொல்லை எழுதிற்று.

சிறுவன் அழவில்லை. தலையைக் குனிந்தபடி ஒரு கேள்வி கேட்டான்: "அவனும் மணி அடிச்சான், நானும் மணி அடிச்சேன். அவன் செஞ்சா குறும்பு. நான் செஞ்சா மட்டும் குறும்பனா, சார்?"

இளங்கலைப் பட்டம் பெற்ற நமக்கு, ஏழாம் வகுப்பு மாணவனின் இந்த வினாவுக்கு விடை தெரியவில்லை. வெட்கத்தோடு வீடு திரும்பினோம். அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை. ஒரு சொல்லின் பிறப்பையும் வளர்ப்பையும் ஆராய்வது புலவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தோம். அன்று. ஒரு சிறுவனின் மானம் அச்சொல்லிலே சிக்கிக் கிடக்கிறது என்று கண்ட பிறகு, ஆராயாதிருப்பது அறமாகுமா?

முதலிலே அகராதியை அணுகுவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலே, குறும்பு என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றல்ல, பல. சேட்டை என்பது ஒன்று. அரண் என்பது ஒன்று. குறுநில மன்னர் என்பது ஒன்று. பாலை நிலத்து ஊர் என்பது ஒன்று. மருத நிலத்துக்குப் பேரூர், நெய்தலுக்குப் பாக்கம், குறிஞ்சிக்குச் சிறுகுடி என்று இலக்கண நூலார் வகுத்தது போலவே, வறண்ட பாலைக்குக் குறும்பு என்ற ஊர்ப் பெயரை வகுத்தனர். சங்கப் பாடல்களிலே குறும்பு என்றால், பகைவர் எளிதில் நெருங்க முடியாத அரண்; காட்டிலும் மலையிலும் கட்டப்பட்ட சிற்றரண்.

வேரைத் தோண்டினால் வெளிப்படுவது 'குறு' என்பதே. குறுமை என்றால் சிறுமை. அளவிலே சிறுமை, இழிவிலே அன்று! சிறு குன்று குறும்பொறை. குறைந்த அடிகளால் ஆன பாடல்களின் தொகை குறுந்தொகை. சிறு நிலம் ஆண்டவன் குறுநில மன்னன். உலகமே போற்றும் குறளுக்கும் அதுதான் வேர். குறளைச் சிறியது என்று இகழ்வார் உண்டோ? அந்த வேரிலே கிளைத்த குறும்பு மட்டும் ஏன் வசையாயிற்று?

இங்கே சிலர் குறுக்கிடுவர். "குறும்பர் என்றொரு கூட்டம் இருந்தது, கொள்ளையடித்தது, கொடுமை செய்தது, அவர்கள் செயலுக்குத்தான் குறும்பு என்று பெயர்" என்பர். கேட்பதற்குக் கதை போலச் சுவையாக இருக்கிறது. ஆனால் கதை போலவேதான் இருக்கிறது! பழம்பாடல்களிலே குறும்பு என்பது முதலில் ஓர் இடம். கல்லும் முள்ளும் சூழ்ந்த இடம். அந்த இடத்திலே இருந்தவர் குறும்பர் எனப்பட்டனர் என்பது ஒரு வழி. மற்றொரு வழியும் உண்டு. கன்னடத்திலே 'குறி' என்றால் ஆடு. ஆடு மேய்ப்போர் குறுபர். தமிழிலும் ஆட்டுக்குக் 'கொறி' என்ற பெயர் பழைய நூல்களிலே உண்டு. அந்த வழியிலே பார்த்தால், குறும்பர் என்பது ஆயர் என்பது போன்ற ஒரு தொழிற்பெயர். முதல் வழியிலே அவர்கள் அரணுக்கு உரியவர். இரண்டாம் வழியிலே ஆட்டுக்கு உரியவர். எந்த வழியிலே நடந்தாலும், 'சேட்டை செய்வதால் குறும்பர்' என்ற முடிவுக்குச் செல்லும் பாதை இல்லை. நீலகிரியிலே வாழும் ஆலு குறும்பர், பெட்ட குறும்பர், முள்ளு குறும்பர் முதலிய பழங்குடியினரையும், சமவெளியிலே ஆடு வளர்த்துக் கம்பளி நெய்தவரையும், பெயர் ஒன்றாயிருப்பதாலேயே ஒரே மக்கள் என்று கொள்வதும் பிழை. பெயர் ஒன்று, வாழ்வு வேறு, மொழி வேறு. இத்தனை மக்களின் தலையிலே ஒரே வசையைச் சுமத்துவது சோம்பேறி அறிவின் வேலை.

அப்படியானால், அரண் எப்படிச் சேட்டையாயிற்று? இரண்டுக்கும் நடுவிலே பாலம் வேண்டுமல்லவா? அந்தப் பாலம் வள்ளுவரிடம் இருக்கிறது. நாடு என்னும் அதிகாரத்தின் ஐந்தாம் குறள், நாட்டிலே இருக்கலாகாதவை மூன்றைச் சொல்கிறது: பல குழுக்களாகப் பிளந்து நிற்றல், உள்ளிருந்தே பாழ்செய்யும் பகை, வேந்தனை அலைக்கழிக்கும் கொல்குறும்பு. மூன்றாவதைச் சற்று நின்று நோக்குங்கள். வெறும் குறும்பு என்று கூறி நிறுத்தவில்லை வள்ளுவர். 'கொல்' என்ற அடையைச் சேர்த்தார். குறும்பு என்றாலே கொலையும் கொள்ளையும்தான் என்றால், அந்த அடை எதற்கு? கொல்லாத குறும்பும் உண்டு என்பதால்தானே, கொல்லும் குறும்பைத் தனியே பிரித்துக் காட்டினார்? இன்னொன்று: அந்தக் குறும்பின் தொழில் 'அலைத்தல்'. பெரியவனைச் சிறியவன் அலைக்கழித்தல். இதுவே பாலம் என்பது நம் கருத்து.

பேரரசன் ஒருவன், படை பெரிது, பறை பெரிது, பட்டம் பெரிது. அவன் எல்லையிலே ஒரு சிற்றரண். அதிலே இருப்பவன் திறை கட்ட மறுக்கிறான். வழியை மறிக்கிறான். இரவிலே வருகிறான், பகலிலே மறைகிறான். வேந்தனுக்குத் தூக்கம் கெடுகிறது. தாய் ஒருத்தி, அவள் மடியிலே ஒரு பிள்ளை. சோற்றைச் சிந்துகிறான். சொன்னதைக் கேளான். கண் மூடினால் கதவைத் திறந்து ஓடுகிறான். "இந்தப் பயல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறான்" என்கிறாள் அவள். இரண்டும் ஒரே காட்சி! சிறியது பெரியதை அலைக்கழிக்கும் காட்சி. வேந்தன் சினந்தான், படையை ஏவினான். அன்னை சிரித்தாள், அணைத்து முத்தமிட்டாள். சொல் ஒன்றுதான். சொல்பவரின் நெஞ்சம் வேறு.

வேந்தர்களின் நெஞ்சை விளக்க மேல்நாட்டுக் கதை ஒன்று உண்டு. அகஸ்டின் என்னும் கிறித்தவப் பேரறிஞர், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கும் முன்னரே, தமது 'கடவுளின் நகரம்' என்னும் நூலிலே அதை எடுத்துக் கூறியுள்ளார். மாவீரன் அலெக்சாண்டரிடம் கடற்கொள்ளையன் ஒருவனைப் பிடித்து வந்தனராம். கடலிலே ஏன் தொல்லை கொடுக்கிறாய் என்று கேட்டான் மன்னன். உலகம் முழுவதுக்கும் நீ ஏன் தொல்லை கொடுக்கிறாயோ, அதற்காகத்தான் நானும். என்னிடம் இருப்பது சிறு படகு, எனவே நான் கொள்ளையன். உன்னிடம் இருப்பது பெருங்கப்பற்படை, எனவே நீ பேரரசன் என்று விடை பகர்ந்தானாம் அவன். படகு குறியது, அதனால் குற்றம். கப்பல் பெரியது, அதனால் கொற்றம்! குறும்பு என்ற தமிழ்ச் சொல்லின் வரலாற்றையே அந்தக் கொள்ளையன் கூறிவிட்டான்.

மேல்நாட்டுக்கு ஏன் செல்ல வேண்டும்? அரக்கோணத்துக்கு அருகிலேயே இருக்கிறது தக்கோலம். 949ஆம் ஆண்டு அங்கே நடந்த போரிலே, இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருட்டிணனின் படை, முதலாம் பராந்தகனின் மகனான சோழ இளவரசன் இராசாதித்தனைக் கொன்றது. யானைமேல் இருந்தபடியே அவன் மாண்டான். தொண்டை நாடு கை மாறிற்று. வென்றவனைக் குறும்பன் என்று கூறினரா? இல்லை! காஞ்சியையும் தஞ்சையையும் கொண்டவன் என்று பட்டம் சூட்டிக் கல்லிலே பொறித்தனர். படை பெரிது; ஆகவே அது போர், வெற்றி, புகழ்! படை சிறிதாயிருந்தால் அதுவே குறும்பு, கலகம், கொள்ளை!

இதே தொண்டை நாட்டிலேதான் குறும்பர் கதையும் வழங்குகிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் வரும் மின்தொடர் வண்டியிலே அமர்ந்தால், அம்பத்தூரைக் கடந்ததும் திருமுல்லைவாயில் வரும். அங்குள்ள மாசிலாமணி ஈசுவரர் கோயிலின் தலபுராணம் கூறுவது இது: புழலிலே கோட்டை கட்டிக்கொண்டு ஓணன், வாணன் என்னும் குறும்பர் இருவர் மக்களை வருத்தினர், தொண்டைமான் அவர்கள்மீது படையெடுத்தான், முதலிலே தோற்றான், திரும்பும் வழியிலே யானையின் காலை முல்லைக்கொடி பிணித்தது, கொடியை வெட்ட, இறைவன் வெளிப்பட்டான், அவன் அருளால் குறும்பரை வென்றான். கருவறைமுன் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டும் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர். தோற்றவனின் வீட்டுத் தூண், வென்றவனின் கோயிலிலே!

புராணத்தை நாம் வரலாறாகக் கொள்ளவில்லை. ஆனால் ஒரு புராணத்துக்கு எதிராக மற்றொரு மரபு இருக்குமானால், அதையும் எண்ணிப் பார்ப்பதுதானே நேர்மை? 1821ஆம் ஆண்டு மறைந்த கர்னல் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளிலே தொண்டை நாட்டுக் குறும்பர் பற்றிய கதையும் இருக்கிறது. அது காட்டும் குறும்பரோ கோட்டம் கோட்டமாக நாட்டைப் பிரித்து ஆண்டவர்கள். கடல் வணிகம் நடத்தியவர்கள். சமண சமயத்தைத் தழுவியவர்கள். ஒரு கதையிலே கொள்ளையர். மற்றொரு கதையிலே கோட்டம் வகுத்தவர். எது முழு உண்மை என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. ஒரு கதை மட்டும் கோயில்தோறும் ஓதப்பட்டது. மற்றொன்று சுவடிக்குள்ளே உறங்கிற்று. ஓதப்பட்ட கதைதான் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை வரை வந்து, ஒரு சிறுவனைச் சுடுகிறது. அவன் தந்தை வளர்க்கும் ஆட்டின் தோல், ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பதமாகிக் கடல் கடந்து விலை பெறுகிறது. அவன் குடியின் பெயரோ உள்ளூரிலேயே வசையாகிறது!

தோற்றவரின் பெயரையும் எளியவரின் பெயரையும் இழிசொல்லாக்குவது தமிழுக்கு மட்டும் உரிய நோயன்று. திரைப்படத்திலே தீயவனை வில்லன் என்கிறோம். இலத்தீன் மொழியிலே 'வில்லா' என்றால் பண்ணை. பண்ணையிலே உழைத்த ஏழையின் பெயர்தான் நாளடைவில் ஆங்கிலத்திலே கயவனின் பெயராயிற்று! 455ஆம் ஆண்டு உரோமை நகரைச் சூறையாடினர் வண்டலர் என்னும் இனத்தார். சூறையாடியவர் அவர்கள் மட்டுந்தானா? உரோமையர் சூறையாடாத நாடு எது? ஆயினும் 1794இல் பிரெஞ்சு நாட்டிலே, கலைப் பொருள்களை அழிக்கும் செயலுக்கு வண்டலர் பெயராலேயே ஒரு சொல் ஆக்கப்பட்டது, இன்றும் வழங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் மண்ணின் உழைக்கும் மக்களான பறையரின் பெயர், கப்பலேறி ஐரோப்பா சென்று, 'ஒதுக்கப்பட வேண்டியவன்' என்னும் பொருளிலே ஆங்கில அகராதியிலும் பிரெஞ்சு அகராதியிலும் குடியேறிற்று. நம் நாட்டுக் கொடுமையை ஏற்றுமதி செய்த பெருமை நமக்கு!

பெயர்கள் கீழே தள்ளப்படுவதைக் கண்டோம். மேலே தூக்கப்படும் விந்தையும் உண்டு. வெண்ணெய் திருடினால் திருட்டு. கண்ணன் திருடினால் லீலை! ஆடையை ஒளித்தால் குற்றம். ஆண்டவன் ஒளித்தால் அற்புதம்! மதுரையிலே சிவன் புரிந்த ஆட்டங்கள் அறுபத்து நான்கு என்று கணக்கிட்டு, 'திருவிளையாடல்' என்று திரு என்னும் அடையும் கொடுத்துப் பாடினர். செயலை யாரும் எடைபோடவில்லை. செய்தவனின் சீரை எடைபோட்டனர். பள்ளி மணியை அலுவலரின் மகன் அடித்தபோது, நாம் கண்டதும் ஒரு திருவிளையாடலைத்தானே?

சேட்டை என்னும் சொல்லைப் பாருங்கள். வடமொழியிலே அசைவு, முயற்சி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது நாம் இன்று வழங்கும் சேட்டை. அதே ஒலியிலே வேறொரு சேட்டையும் இருந்தாள். மூத்தவள் என்னும் பொருளுடைய சேட்டைத் தேவி. பல்லவர் காலத்துக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலே அவளுக்குச் சிலை வடித்தனர், வணங்கினர். பின்னாளிலே அவளே மூதேவி ஆனாள். வாயிலுக்கு வெளியே துரத்தப்பட்டாள். கல்லிலே செதுக்கிய தெய்வத்தையே வசையாக்கிய நாட்டிலே, ஆடு மேய்க்கும் குடியின் பெயர் தப்புமா?

ஆனால், தோழர்களே, குறும்பின் வரலாறு சோகத்தோடு முடிந்துவிடவில்லை. அதுதான் இச்சொல்லின் தனிச் சிறப்பு. வில்லன் மீளவில்லை, வண்டலர் மீளவில்லை. குறும்பு மீண்டது! அரண்மனை தீட்டிய கறையை அடுப்பங்கரை கழுவிற்று. வேந்தனின் வாயிலே நஞ்சாயிருந்த சொல்லை, அன்னை தன் வாயிலே தேனாக்கினாள். இன்று குறும்புப் பேச்சு என்றால் முகம் மலர்கிறது; குறும்புப் பார்வை என்றால் காதலர் நெஞ்சம் குளிர்கிறது. ஈழத்துக் கவிஞர் மகாகவி, ஐந்தடியிலே அமைந்த நகைச்சுவைப் பாடல்களை இயற்றி, 1966இல் 'குறும்பா' என்னும் பெயரிலேயே நூலாக்கினார். குறுகிய பா என்பதால் குறும்பா; குறும்பு நிறைந்திருப்பதாலும் குறும்பா! 'குறு' என்னும் வேரும், குறும்பு என்னும் கனியும் ஒரே பெயரிலே இணைந்தன. சிறியதன் துடுக்குத்தனத்தைக் கண்டு பெரியது சிரிக்கக் கற்றுக்கொண்டது.

எனவே, சொல்லைத் துரத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. குறும்பு நல்ல தமிழ்ச் சொல், இனிய சொல், இருக்கட்டும். ஆனால் அதைப் பங்கிட்டுக் கொடுப்பதிலே நாம் செய்யும் வஞ்சனை போகட்டும். அன்னை மீட்டுத் தந்த பொருளைச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும், வேந்தன் விட்டுச் சென்ற பொருளை எளியவர் வீட்டுப் பிள்ளைக்கும் அளந்து கொடுப்பது யார்? ஆசிரியர்கள்! மாணவனின் நடத்தையைக் குறிக்கும் ஏட்டிலே நாம் எழுதும் ஒரு சொல், அவன் பள்ளியை விட்ட பிறகும் அவனை விடுவதில்லை. மன்னர்கள் கல்லிலே பொறித்தனர். நாம் தாளிலே பொறிக்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

மறுநாள் சிறுவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். தோளிலே கம்பளி, கையிலே கோல். வாயிலைத் தாண்டி உள்ளே வரத் தயங்கினார். சண்டையிட வந்திருப்பார் என்று அஞ்சினோம். அவரோ மெல்லப் பேசினார். "மணி அடிச்சது தப்புதான், சார். அதுக்குக் கண்டிங்க. எங்க பேரைச் சொல்லிக் கண்டிக்காதீங்க." அவ்வளவுதான் அவர் கூறியது. அகராதியைப் புரட்டி நாம் கண்ட முடிவை, அகராதி அறியாத அவர் ஒரே மூச்சிலே கூறிவிட்டார். செயலைக் கண்டி, பிறப்பைக் கண்டிக்காதே! அறநூல்கள் இதைவிட என்ன கூறிவிடப் போகின்றன?

ஏட்டைத் திறந்தோம். 'அடங்காதவன்' என்ற சொல்லை அடித்தோம். "பள்ளி மணியைப் பத்து நிமிடம் முன்னதாக அடித்தான், கண்டிக்கப்பட்டான்" என்று எழுதினோம். பிறகு பக்கத்தைத் திருப்பி, அலுவலர் மகனின் பெயருக்கு நேராகவும் அதே வரியை, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதினோம். "இது என்ன வேண்டாத வேலை? அந்த அலுவலர் வந்து கேட்டால் என்ன விடை சொல்வீர்?" என்று ஆசிரியர் அறையிலே ஒருவர் முணுமுணுத்தார். கேட்கட்டும். கேட்டால், மணியடித்த கதையிலே தொடங்கி, தக்கோலம் வழியாகப் புழல் கோட்டை வரை கூறுவோம்.

ஆசிரியத் தோழர்களே! உங்கள் ஏட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். யாருடைய குறும்பு அங்கே குறும்பாக இருக்கிறது? யாருடைய குறும்பு குற்றமாக இருக்கிறது? நம் முன்னே அமர்ந்திருப்பவர்கள் சிறுவர்கள், பெரியவர்களை அலைக்கழிப்பார்கள், அது சிறுமையின் உரிமை! நாம் வேந்தராக இருக்கப் போகிறோமா, அன்னையராக இருக்கப் போகிறோமா? அன்னையாக இருப்பதென்றால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அன்னையாக இருப்போம்.